மின்கசிவுக் காப்பான் விழுந்தால்

பழவேற்காடு ஏரியைச் சூழ்ந்துள்ள குப்பங்களில் ஐப்பசி பிறந்து வாடை வீசத் தொடங்கியதும் ஒரே விதமான முறையீடு பல வீடுகளிலிருந்தும் எழுகிறது. தெருவிளக்கு எரிகிறது, அண்டை வீட்டில் மின்விசிறி சுழல்கிறது, நம் வீட்டில் மட்டும் ஒன்றும் ஓடவில்லை என்பதே அது. பலகையைப் பார்த்தால், ஈ.எல்.சி.பி. என்று மக்கள் வழங்கும் கருவியின் பிடி கீழே விழுந்திருக்கும். மேலே தள்ளினால் நிற்பதில்லை. நின்றாலும் கால் மணி நேரத்தில் மறுபடியும் விழுகிறது. குளிர்ப்பெட்டியில் மறுநாள் விற்பனைக்கு வைத்த இறால் இருக்கும்போது அந்தக் கால் மணி நேரமும் பெரும் நஷ்டமாகத் தோன்றும் என்பதை நாம் அறிவோம்.

அப்போது வருகிற ஒயர்மேன் பெரும்பாலும் செய்வது என்ன? கருவிக்குள் செல்லும் கம்பிகளையும் அதிலிருந்து வெளிவரும் கம்பிகளையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார். ‘நேராகக் கொடுத்துவிட்டேன், இனி விழாது’ என்கிறார். சங்கக் கடனில் வாங்கிய சாதனங்களைச் சரிபார்க்கச் செல்லுமிடத்தில் இவ்விதமான பலகைகளை நாம் கண்டிருக்கிறோம். கருவி அதன் இடத்திலேயே அலங்காரமாக நிற்கும். மின்சாரம் மட்டும் அதன் வழியே செல்லாது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று மீன் அலசும் வீட்டில் இதைவிட அபாயமான வேலை வேறில்லை. ஆகவே இக்கருவி எதற்காக விழுகிறது, விழுந்தால் அங்கத்தினர் தாமே பார்க்கத் தக்கது எது, ஒயர்மேனிடம் கேட்டு வாங்க வேண்டியது எது என்பவற்றை இங்கே விளக்குவோம். தறி வீட்டுக்கும் பம்புசெட்டுக்கும் இச்செய்திகள் அப்படியே பொருந்துமாதலால் நெசவாளரும் பயிரிடுவோரும் இதனைத் தமக்குப் புறம்பானதென்று கருத வேண்டுவதில்லை.

பலகையில் இரண்டு வகைக் கருவிகள் உள்ளன. பழைய பியூஸ் கம்பிக்குப் பதிலாக இன்று வழங்கும் எம்.சி.பி. ஒரு வகை. அது அளவுக்கு மிஞ்சிய மின்சாரம் ஓடினால் அறுத்துக்கொள்ளும். கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காக்கும். மனிதனைக் காப்பது அதன் வேலையன்று. நனைந்த உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அழுத்தத்தில் உடல் வழியே ஓடுவது 230 மில்லி ஆம்பியர்; அதாவது ஓர் ஆம்பியரில் நாலில் ஒரு பங்கும் இல்லை. உயிரைப் போக்க அது தாராளமாகப் போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அன்று. மனிதன் துடித்துக்கொண்டிருக்க, அது அசையாமல் நிற்கும்.

இந்தக் குறையை நீக்க வந்ததே மற்றைய கருவி. அதன் சரியான பெயர் ஆர்.சி.சி.பி.; நாம் மின்கசிவுக் காப்பான் என்போம். அதனுள் ஓர் இரும்பு வளையம் உண்டு. வீட்டுக்குள் செல்லும் பேஸ் கம்பியும் திரும்பி வரும் நியூட்ரல் கம்பியும் அவ்வளையத்தின் வழியே சேர்ந்து செல்கின்றன. சென்ற மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால் ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று நீக்கிவிடும். வளையம் சும்மா இருக்கும். சென்றதில் ஒரு பகுதி வேறு வழியே, அதாவது ஈரச் சுவர் வழியாகவோ, மோட்டாரின் கூடு வழியாகவோ, ஒரு மனிதனின் உடல் வழியாகவோ தரைக்குப் போய்விட்டால் கணக்கில் துண்டு விழும். அத்துண்டு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் ஒரு விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள்ளும், பெருங்கசிவானால் அதைவிட வெகு விரைவாகவும் கருவி இணைப்பை அறுத்துவிடும். சங்கத்தின் வரவு செலவுப் பேரேட்டில் இருபுறமும் ஒத்து வராவிடில் கணக்கை நிறுத்தி வைக்கிறோமல்லவா? அது போன்ற வேலைதான்.

இதன் வரலாற்றையும் சிறிது சொல்லலாம். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கங்களில் தொழிலாளர் மின்தாக்குதலால் மடிவதைத் தடுக்க, 1950களின் நடுவில் ஹென்றி ரூபின் என்பவர் இவ்வகைக் கருவி ஒன்றை அமைத்தார். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், கையில் பிடித்த கம்பியை மனிதன் தன் விருப்பப்படி விட்டுவிட முடியும் எல்லை எது என்று, தாமாக முன்வந்தவர்களை வைத்து அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு அதினும் குறைவு என்று கண்டார். 1961-இல் தமது கருவியை ஆக்கினார். அந்நாட்டில் அது பிளக் பாயிண்டிலேயே பொருத்தப்பட்டு, 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே அறுத்துவிடும். வெளிப்புறப் பாயிண்டுகளுக்கு 1971-லும் குளியலறைகளுக்கு 1975-லும் அங்கே அது கட்டாயமாயிற்று. நம் நாட்டில் வீடு முழுவதற்கும் சேர்த்துப் பலகையில் ஒன்றாக வைப்பதே வழக்கம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகள், வீட்டு இணைப்புகளில் இதன் அளவு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படலாகாது என்கின்றன. ஒன்றே அனைத்தையும் காப்பதால், குளியலறை ஹீட்டரில் கசிவு ஏற்பட்டாலும் கூடத்து விளக்கு அணைந்துவிடுகிறது. மக்கள் குழம்புவது இதனாலேதான்.

இனி, மின்சாரம் நின்றபோது பார்க்க வேண்டிய முறை. முதலில் அண்டை வீடுகளைப் பாருங்கள். அங்கும் இல்லையேல் குறை தெருவில் உள்ளது. மின் வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். அண்டையில் இருந்து நம்மிடம் இல்லையேல், உலர்ந்த பலகை மேலோ மணை மேலோ செருப்பணிந்து நின்று, உலர்ந்த கையுடன் மின்பலகையைப் பாருங்கள். எந்தப் பிடி விழுந்திருக்கிறது? எம்.சி.பி. விழுந்திருந்தால் அது மிகைச் சுமை அல்லது பேஸும் நியூட்ரலும் நேரே ஒட்டிக்கொண்ட குறை. இக்கட்டுரையின் பொருள் அதுவன்று. ‘டி’ என்று பொறித்த சிறு பொத்தானை உடைய கருவி விழுந்திருந்தால் அதுவே கசிவு.

அதை உடனே மேலே தள்ளிப் பார்ப்பதால் பயனில்லை. வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் முதலில் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. சுவிட்சு பேஸ் கம்பியை மட்டுமே அறுக்கிறது. நியூட்ரல் வழியே சாதனம் இன்னும் வீட்டுக் கம்பியோடு சேர்ந்தே இருக்கிறது. கழற்றிய பின் எம்.சி.பி.க்கள் அனைத்தையும் இறக்கிவிட்டு, காப்பானின் பிடியை முதலில் நன்றாகக் கீழே அழுத்தி, பிறகு மேலே தள்ளுங்கள். விழுந்த பிடி சில கருவிகளில் நடுவில் நின்றுவிடும். கீழே அழுத்தாமல் மேலே ஏறாது. கருவி கெட்டுவிட்டது என்று இதனாலேயே மாற்றியவர்களும் உண்டு.

பிடி நிற்கிறதா? பின்பு எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். குறிப்பிட்ட ஒன்றை ஏற்றும்போது மட்டும் காப்பான் விழுமானால் குறை அந்தக் கிளையின் கம்பியிலோ, விளக்கு ஹோல்டரிலோ, பாயிண்டிலோ உள்ளது. அந்த எம்.சி.பி.யை இறக்கி வைத்துவிட்டு, ஒயர்மேன் வரும்வரை மற்றக் கிளைகளை உபயோகிக்கலாம். எல்லாக் கிளைகளும் நின்றால் குறை சாதனத்தில் உள்ளது. பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகி, சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்; திருடன் அகப்படுவான். வெந்நீர் ஹீட்டரின் கம்பிச்சுருள், பழைய இஸ்திரிப் பெட்டி, அடிக்குழாயில் மாட்டிய மோட்டார், உப்புநீர் பட்டுத் துருவேறிய சலவை இயந்திரம் ஆகியவையே பெரும்பாலும் குற்றவாளிகள்.

பிளக்குகள் கழன்று, எம்.சி.பி.க்கள் இறங்கியிருந்தும் பிடி நிற்கவில்லையானால் மேலும் முயல வேண்டாம். கருவியே பழுதாயிருக்கலாம், அல்லது நியூட்ரல் கம்பி எங்கேனும் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். வெளிச்செல்லும் கம்பிகளைக் கழற்றிய பின்னும் பிடி நிற்காவிடில் பழுது கருவியில். நின்றுவிட்டால் பழுது வீட்டில். ஒயர்மேனுக்கு இது ஐந்து நிமிட வேலை. கருவி கெட்டுவிட்டது என்று அவர் சொன்னால், இச்சோதனையைச் செய்து காட்டும்படி கேளுங்கள்.

நியூட்ரலும் எர்த்தும் தொடும் குறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் ‘காரணமில்லாமல் விழுகிறது’ என்ற பழியைக் கருவிக்குத் தேடித் தருவது இதுவே. சுமை ஏதும் இல்லாதபோது இக்குறை வெளியே தெரியாமல் கிடக்கலாம். விளக்கோ விசிறியோ போட்டவுடன், திரும்பி வரும் மின்சாரம் நியூட்ரல் வழியே மட்டும் வராமல் ஒரு பங்கு எர்த் வழியே பிரிந்து போகிறது. வளையத்தில் கணக்கு உதைக்கிறது. ஆகவே இன்று விசிறி போட்டபோது விழுந்தது, நேற்று மிக்சி ஓடும்போது விழுந்தது, முன்தினம் ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டார் சொல்வார்கள். விசிறியையும் மிக்சியையும் பழுது பார்க்கச் செலவிடுவார்கள். எந்தக் கிளையைப் போட்டாலும் விழுகிறது என்றால் நியூட்ரலைச் சந்தேகிக்க வேண்டும். மெக்கர் என்னும் கருவியால் காப்புத் தடையை அளந்தால் இது வெளிப்பட்டுவிடும்.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இன்வெர்ட்டருக்கென்று பிரித்த விளக்குகளுக்கு, கம்பி மிச்சமாகட்டும் என்று, பக்கத்திலுள்ள ஏதோ ஒரு கிளையிலிருந்து நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார்கள். மின்சாரம் ஒரு வழியே சென்று வேறு வழியே திரும்பும். கசிவு ஒன்றுமில்லாமலே காப்பான் விழும். இன்வெர்ட்டர் பொருத்திய நாளிலிருந்துதான் தொல்லை தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது பழவேற்காட்டுக்கே உரிய காரணத்துக்கு வருவோம். கடலுக்கும் ஏரிக்கும் இடையே அமைந்த ஊர் இது. கூனங்குப்பமாயினும் லைட் ஹவுஸ் குப்பமாயினும் காற்றில் உப்புத்துளி இல்லாத நாள் குறைவு. அது சுவிட்சுப் பெட்டியின் பின்புறத்திலும், வெளிவிளக்கு ஹோல்டரிலும், கம்பி இணைப்புகளிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஈரம் ஏறிய அப்படலம் பேஸிலிருந்து எர்த்துக்கு ஒரு நுண்ணிய பாதையாகிவிடுகிறது. விடியற்காலையில் விழும் காப்பான் வெயில் ஏறியதும் தானே நிற்பதன் மர்மம் இதுதான். பேயும் இல்லை, கருவியில் கோளாறும் இல்லை.

இத்தகைய கசிவுகள் ஒவ்வொன்றும் சிறியவை; கூடிச் சேர்ந்தே தொல்லை தருகின்றன. அன்றியும் 30 என்று பொறித்த கருவி 30-இல்தான் விழ வேண்டும் என்பதில்லை. பாதியளவான 15 வரை விழக்கூடாது, 30-ஐ எட்டினால் விழுந்தே தீர வேண்டும், இடையில் எங்கு விழுந்தாலும் தவறில்லை என்பதே அதன் தரவிதி. ஆகவே நாலு ஈரப் பெட்டிகளும் ஒரு பழைய குளிர்ப்பெட்டியும் சேர்ந்தால் போதும். பரிகாரமும் இதிலிருந்தே விளங்கும். வெளிச்சுவர்ப் பாயிண்டுகளை வீட்டுக்குள் மாற்றுங்கள்; முடியாதவற்றுக்கு மூடியுடைய நீர்புகாப் பெட்டி போடுங்கள்; கடற்பக்கச் சுவரில் பலகையை வைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் புரட்டாசியில், மெயினை அணைத்துவிட்டு ஒயர்மேனைக் கொண்டு பெட்டிகளைத் திறந்து துடைத்து, களிம்பேறிய இணைப்புகளைப் புதுப்பியுங்கள்.

ஒரு பாயிண்ட் மட்டும் வேலை செய்யாமல் மற்றவை எல்லாம் ஓடுவதும் உண்டு. அங்கே காப்பான் குற்றவாளியன்று. பாயிண்டின் உள்ளிருக்கும் பித்தளை இதழ்கள் களிம்பு பிடித்துத் தளர்ந்திருக்கும்; அல்லது பின்னால் ஒரு கம்பி உதிர்ந்திருக்கும். டெஸ்டர் எரிகிறது, ஆனால் சாதனம் ஓடவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஓடாத சாதனத்தில் மின்சாரம் இல்லை என்று எண்ணி அதனைப் பிரிக்கத் தொடங்குவோர் இங்கேதான் அடிபடுகிறார்கள்.

எர்த் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உள்ளன. மேட்டுநில ஊர்களில் எர்த் குழியைச் சுற்றி உப்பும் கரியும் இட்டு நீரூற்றுவார்கள். ஏரிக்கரையில் உப்பை இயற்கையே இட்டிருக்கிறது. மண் நன்றாகவே கடத்தும். ஆனால் அதே உப்பு எர்த் குழாயையும் அதன் முடுக்காணியையும் அரித்துத் தின்றுவிடுகிறது. மேலே பச்சைக் கம்பி ஒழுங்காகத் தெரியும். மண்ணுக்குள் பிடிப்பே இராது. கடற்கரை மணல்மேட்டில் உள்ள வீடுகளில் சித்திரை வைகாசியில் மணல் உலர்ந்து எர்த் வலுவிழப்பதும் உண்டு. எர்த் இல்லாத வீட்டிலும் காப்பான் வேலை செய்யும் என்பது உண்மையே; ஆயினும் வேறுபாட்டைக் கவனியுங்கள். எர்த் இருந்தால், மோட்டார்க் கூட்டில் மின்சாரம் இறங்கிய அக்கணமே கருவி அறுத்துவிடும். எர்த் இல்லையேல், ஒருவர் கை வைத்து அவர் உடல் வழியே கசிவு ஓடிய பிறகே அறுக்கும். முதற்பாதையாக ஒரு மனிதன் அமைய வேண்டியதில்லை என்பதற்காகவே இரண்டும் வேண்டுமென்கிறோம்.

‘டி’ பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். கருவி உடனே விழ வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அழுத்தியும் விழாவிடில், உள்ளே உப்பும் துருவும் ஏறி இறுகிவிட்டது என்றே கொண்டு உடனே மாற்ற வேண்டும். பல வீடுகளில் வாங்கிய நாள் முதல் ஒருவரும் அப்பொத்தானைத் தொட்டதில்லை. மின்கட்டணம் கட்டும் நாளையே இதற்குரிய நாளாக வைத்துக்கொள்வது எளிது.

குளிர்ப்பெட்டிக் கேள்விக்கு விடை சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. நள்ளிரவில் குளியலறை விளக்கின் ஈரத்தால் காப்பான் விழுந்து, பெட்டியிலுள்ள இறால் காலையில் வீணாகிப்போனால், ‘உயிர்க்காப்பு’ என்று நாம் பேசுவது அக்குடும்பத்துக்கு ஆறுதலாகாது. நேராகக் கொடுக்கச் சொல்பவர் அறியாமையால் மட்டும் சொல்வதில்லை. ஒரு வார வருமானம் பெட்டிக்குள் இருக்கிறது. இதற்கு முறையான வழி ஒன்று உண்டு. எம்.சி.பி.யும் கசிவுக் காப்பானும் ஒன்றாய் இணைந்த ஆர்.சி.பி.ஓ. என்னும் கருவியைக் குளிர்ப்பெட்டிக்கென்று தனியே வைத்து, அதன் இணைப்பை வீட்டுக் காப்பானுக்கு முன்பிருந்தே, தனி நியூட்ரலுடன் எடுக்க வேண்டும். அப்போது வீட்டின் வேறெந்த மூலையில் கசிவு வந்தாலும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியிலேயே கசிவு வந்தால் அது மட்டும் நிற்கும். பாதுகாப்பு ஒரு சிறிதும் குறையாது. மின்னணுக் கட்டுப்பாடுள்ள புதிய பெட்டிகளுக்கு ‘ஏ’ வகைக் கருவியே ஏற்றது. குளிர்ப்பெட்டிக்குக் கடன் வழங்கும் சங்கங்கள் இக்கருவியின் விலையையும் கடன் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்பது நம் கருத்து. பெட்டியின் விலையில் அது சிறு பகுதியே.

வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று பொறித்திருக்கிறதா, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 12640 என்ற எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அடிக்கடி விழுகிறதென்று 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவியைப் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அது விழாதுதான். தீயைத் தடுக்கவே அவ்வளவு உதவும்; கம்பியைத் தொட்டவரைக் காக்காது. இது நேராகக் கொடுத்ததன் நாகரிக வடிவமே.

வெள்ளம் புகுந்த வீட்டைப் பற்றி ஒரு சொல். 2016 டிசம்பரில் வர்தா புயலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இவ்வட்டாரத்தை வருத்தியதை யாவரும் அறிவர். நீர் தரையில் நிற்கையில் பலகையை நெருங்க வேண்டாம். வெளியே மின் வாரியத்தாரைக் கொண்டே இணைப்பை அறுக்கச் செய்யுங்கள். ஏரிநீரில் மூழ்கிய சுவிட்சு, பாயிண்ட், காப்பான் ஆகியவற்றை வெயிலில் உலர்த்தி மீண்டும் உபயோகிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். நீர் உலர்ந்துவிடும், உப்பு உள்ளேயே தங்கும். அடுத்த பனிக்காலத்தில் அதன் வேலையைக் காட்டும். கம்பிகளை மெக்கர் வைத்து அளந்த பின்னரே மெயினை ஏற்ற வேண்டும். ஒரு வீட்டார் தனியே ஒயர்மேனை அழைத்தால் செலவு அதிகமாகும். ஒரு குப்பத்தில் பத்துப் பதினைந்து அங்கத்தினர் சேர்ந்து, உரிமம் பெற்ற ஒருவரை ஒரே நாளில் வரவழைத்தால் எல்லா வீடுகளையும் அளந்து முடித்துவிடலாம்.